வரைபடத்தில் விடுபட்ட ஓடைத் தெரு

அனுப்புநர்
அ. இஃப்பத் (வயது 17),
த/பெ. அப்பாஸ்,
3/41, பள்ளிவாசல் தெரு,
செங்கமேடு, தாடிக்கொம்பு வழி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: செங்கமேடு குக்கிராம வரைபடத்தில் ஓடைத் தெருவின் பதினான்கு வீடுகள் விடுபட்டதைத் திருத்தி, வீட்டுக் குடிநீர்க் குழாய் இணைப்பில் அவற்றைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு 15 அன்று நடந்த கிராம சபையிலேயே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காக எழுந்தும் நின்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் குரல் வராது. உட்கார்ந்துவிட்டேன். எனவே எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. செங்கமேட்டில் மொத்தம் 146 வீடுகள். பள்ளிவாசலையும் கடைத் தெருவையும் சுற்றி 132 வீடுகள் நெருக்கமாக உள்ளன. பள்ளிப் புத்தகத்தில் இதைக் குழுமிய குடியிருப்பு என்பார்கள். மீதி பதினான்கு வீடுகள் ஓடைக்குத் தெற்கே, கரையை ஒட்டி ஒரே வரிசையில் உள்ளன. அது நேர்கோட்டுக் குடியிருப்பு. அதுதான் ஓடைத் தெரு. அங்குள்ள மக்கள்தொகை 61. இது நான் சென்ற வாரம் வீடு வீடாகப் போய் எண்ணியது.

2. வீட்டு வரிப் பதிவேட்டில் ஓடைத் தெரு பக்கத்துக் குக்கிராமமான கரைப்பட்டியின் கீழ் பதிவாகியுள்ளது. சென்ற ஆண்டு கரைப்பட்டியில் குழாய் பதித்தவர்கள், இது செங்கமேடு என்று சொல்லி ஓடைத் தெருவை விட்டுவிட்டார்கள். எனவே இவ்வாண்டு எங்கள் ஊர் முறை வந்தபோது, பதிவேட்டை நம்ப வேண்டாம், கண்ணால் பார்ப்பதை வரைந்து அதன்படி இணைப்புக் கொடுப்போம் என்று ஊராட்சிச் செயலர் திரு. பாக்கியராஜ் முடிவு செய்தார். நல்ல முடிவுதான். வரையும் பொறுப்பை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை என்பதால், ஓடைத் தெரு அப்துல் ஹக்கீம் அவர்களின் மகள் பாஸிலாவிடம் கொடுத்தார்.

3. பாஸிலாவும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. மாவட்ட வரைபடத்தில் பழனியைக் கிழக்கே குறித்தவள் அவள். எனக்கு வரைபடக் கேள்விகளில் எப்போதும் முழு மதிப்பெண். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் எங்கள் அத்தா அப்பாஸுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றும்போது முதுகெலும்பு விலகிவிட்டது. அம்மா வேலைக்குப் போனார். நான் பள்ளியிலிருந்து நின்றேன். இப்போது வீட்டில் நைட்டி தைக்கிறேன். தினமும் காலையில் பாஸிலா சீருடையோடு என் ஜன்னலைக் கடந்து பஸ்ஸுக்குப் போவாள். அந்த நேரத்தில் நான் மிஷினை வேகமாக மிதிப்பேன். அவளுடைய நில வரைபடப் புத்தகத்தை ஒருமுறை இரவல் கேட்டதற்கு, "உனக்கு எதுக்குடி அது?" என்றாள். பொறாமை என்ற சொல்லை மனுவில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நடந்ததற்கு வேறு காரணம் இல்லை.

4. ஜூலை மாதம் பாஸிலா ஒரு பெரிய சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "இஃப்பத்து, நீ சும்மாதானடி இருக்க. செத்த நேரம் உக்காந்து வரைஞ்சு குடு. பேரு நான் போட்டுக்குறேன்" என்றாள். அன்றைக்கு நான் பதினொரு நைட்டி தைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு வரைய அவ்வளவு ஆசையாக இருந்தது. காலடியால் ஊரை அளந்தேன். பத்து எட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவை வைத்தேன். வடக்கு திசைக்கு அம்புக்குறி, ஆழ்துளைக் கிணற்றுக்கு நீல வட்டம், ரேஷன் கடைக்கு முக்கோணம், குடியிருக்கும் வீட்டுக்குப் பென்சிலால் நிறமடித்த சதுரம், பூட்டிய வீட்டுக்கு வெற்றுச் சதுரம். ஆறு நாளில் முடிந்தது. ஓடைத் தெருவின் பதினான்கு சதுரங்களும் அதில் இருந்தன.

5. எந்தக் குறி எதைக் காட்டுகிறது என்று எழுதும் குறிவிளக்கக் கட்டம் மட்டும் பாக்கி. அதற்கு வடமேற்கு மூலையில், தரிசு நிலம் உள்ள இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் பாஸிலா வந்து பார்த்தாள். "அம்புட்டும் அப்படியே இருக்குடி. நான் அடுத்த வருசம் மதுரையில காலேஜு சேர்ந்துருவேன். நீதான் பாவம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. அவள் போன பிறகு பதினான்கு சதுரங்களையும் ரப்பரால் அழித்தேன். ஓடைக்குத் தெற்கே, அந்தத் தெரு இருந்த இடத்தில், ஸ்கேல் வைத்து நேராகக் குறிவிளக்கக் கட்டத்தை வரைந்தேன். இது கை தவறி நடந்தது அல்ல.

6. யாரும் தங்கள் வீட்டைத்தான் முதலில் தேடுவார்கள். பாஸிலாவும் தேடுவாள், காணாமல் என்னிடம் ஓடி வருவாள், போட்டுக் கொடு என்று கெஞ்சுவாள், நான் கொஞ்சம் காக்க வைத்துப் போட்டுக் கொடுப்பேன் என்று எண்ணினேன். அவள் தேடவே இல்லை. கீழே பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். ஊராட்சி அலுவலகச் சுவரில் "வரைந்தவர்: அ. பாஸிலா, பன்னிரண்டாம் வகுப்பு" என்ற எழுத்தோடு அது மாட்டப்பட்டது. செயலர் எல்லோரிடமும் அந்தக் கட்டத்தைக் காட்டித்தான் பாராட்டினார். எனக்கு எரிந்தது. எரிச்சலில் பேசாமல் இருந்துவிட்டேன்.

7. ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் திரு. கஸ்பார் வரைபடத்தின் நகலோடு வந்து, குழாய் வரவேண்டிய ஒவ்வொரு வாசலிலும் சுண்ணாம்பால் குறி போட்டார். ஓடைப் பாலம் வந்ததும் தாளை மடித்துவிட்டார். ஓடைத் தெரு காதர் பீவி விசாரித்ததற்கு, "இந்தப் படத்துல ஓடைக்கு அங்கிட்டு வீடே இல்லம்மா, கட்டம்தான் இருக்கு" என்றார். "அப்ப நாங்க என்ன, கட்டத்துக்குள்ளயா குடியிருக்கோம்?" என்று அவர் கேட்டார். அங்கே குடத்தோடு நின்ற ஒச்சாயி, பாஸிலாவைப் பார்த்து, "சொந்த வீட்டையே காணாமப் போக்குன பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன். படிச்ச பிள்ளைல்ல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் நானும் நின்றேன். பாஸிலா என்னைப் பார்த்தாள். நான் வரைந்தது என்று அவள் சொல்லவில்லை. கிராம சபையிலும் அதே ஏச்சு. அங்கும் சொல்லவில்லை.

8. தான் வரையவில்லை என்பது வெளியே தெரியக்கூடாது என்று அவள் பேசாமல் இருந்தாளா, என்னைக் காப்பாற்ற இருந்தாளா என்று தெரியவில்லை. காப்பாற்றத்தான் என்றால், அதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

9. ஓடைத் தெருவுக்கு இப்போது இருப்பது ஒரே தெருக்குழாய். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. மற்ற நாட்களில் பாலம் கடந்து வந்து பிடிக்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணியான சொர்ணலட்சுமியும் அப்படித்தான் தூக்கிப் போகிறார். 132 இணைப்புக்கே அனுமதி என்று ஊராட்சியில் கூறுகின்றனர். வியாழக்கிழமை, ஆகஸ்டு 21 அன்று பள்ளம் தோண்டத் தொடங்குகிறார்கள். குழாய் பதித்ததும் மேலே சிமெண்ட் சாலை போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு தெருவுக்காக அதை உடைக்க மாட்டார்கள்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) பள்ளம் தோண்டும் முன், ஓடைத் தெருவின் பதினான்கு வீடுகளையும் சேர்த்து 146 இணைப்புகளுக்கு உத்தரவிட வேண்டும். அந்தத் தெருவை மட்டும் தனியாக வரைந்து, வீட்டுக்கு எத்தனை பேர் என்ற விவரத்தோடு இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆ) வீட்டு வரிப் பதிவேட்டிலும் அத்தெருவைச் செங்கமேட்டின் கீழ் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த திட்டத்திலும் இதே கதிதான்.

இ) சுவரில் உள்ள வரைபடத்தில் பாஸிலாவின் பெயரை நீக்கி என் பெயரை எழுத வேண்டும். பெருமைக்காகக் கேட்கிறாயா என்றால், ஆமாம், அதற்காகவும்தான். ஏசுகிறவர்கள் சரியான வாசலில் வந்து ஏசட்டும் என்பதற்காகவும்தான்.

பாஸிலா மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம். என் மீது எடுப்பதானால் அத்தாவுக்கு முன்னதாகத் தெரிவிக்காமல் என்னை அழைத்து விசாரிக்கும்படி வேண்டுகிறேன். அவரால் எழுந்து உட்கார முடியாது.

இந்த மனுவை நம்ப முடியாவிட்டால், வியாழக்கிழமைக்கு முன் ஏதாவது ஒரு காலையில் திரு. கஸ்பாரை ஓடைப் பாலத்துக்கு அனுப்பிவையுங்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நான் முன்னால் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, இது யார் வீடு, உள்ளே எத்தனை பேர் என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,

இடம்: செங்கமேடு
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
அ. இஃப்பத்