மூச்சுக்கு ஒரு கோடு

வட்டகொடை தேயிலைத் தோட்டம், ஞாயிறு இரவு.

மாலையில் கொரியாவில் வேலை செய்யும் இவர் பேசினார். லீவு நாளில் ஓவியக்கூடம் ஒன்றுக்குப் போனாராம். அங்கே பார்த்த படத்தை அனுப்பியிருந்தார். ஈர வெள்ளைச் சாயத்தில் பென்சிலால் இழுத்த கோடுகள். படம் முழுக்க அதேதான்.

"பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நீங்க நம்ம லயத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவர அனுப்புறீங்களா?"

"கோவிச்சுக்காத புள்ள. அந்த மனுஷன் ஆயுசு முழுக்க இதையேதான் வரைஞ்சாராம். பார்த்துக்கிட்டே நின்னேன், மனசு அடங்கிருச்சு."

மருந்து கொடுத்தும் இழுப்பு நிற்கவில்லை. விடியும்வரை பொறுப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போக இப்போதே ஆட்டோவுக்குச் சொல்வதா என்று தெரியவில்லை. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, இந்த நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்தேன். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை ஒரு கோடு. பாதிப் பக்கத்திலேயே அந்த ஓவியரை வணங்கத் தோன்றியது. அடுத்த கோட்டைத் தவிர வேறெதற்கும் மனதில் இடமில்லை, பயத்துக்குக்கூட.

இப்போது பக்கத்தைப் பார்க்கிறேன். மேலே எல்லாம் நகத்தளவுக் கோடுகள். கீழே வர வர நீள்கின்றன. கடைசிக் கோடு தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

பாப்பா நீளமாக மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். ஆட்டோ வேண்டாம். இதைப் படமெடுத்து இவருக்கு அனுப்பப்போகிறேன். லயத்துச் சுவர் என்று இவரும் சொல்லிக்கொள்ளட்டும்.