உன் பக்கத்துப் பறவைகள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌகரியம். அங்கே நீ, அத்தான், உன் ரப்பர் மரங்கள் எல்லாரும் சௌகரியமாக இருக்க வேண்டும்.

அப்பா பிரித்துக் கொடுத்த நிலத்தில் என் பாதி மட்டும் இருபது வருஷமாகக் காடு மண்டிக் கிடக்கிறது என்று கடிதத்துக்குக் கடிதம் திட்டுகிறாய். சரி, எடுத்துக்கொள். வெட்டிவிட்டு உன் ரப்பரையே நடு. சம்மதக் கையெழுத்து இதோடு வருகிறது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது. அங்கே வந்து பார்க்க எனக்கு ஏது நேரம்? அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர்தான் தெரிகிறது.

உன்,
வாலு

ஜனவரி 25

என் செல்ல வாலுவுக்கு,

கையெழுத்து வந்து சேர்ந்தது. மரம் வெட்டுகிறவர்களிடம் அத்தான் பேசிவிட்டார். அடுத்த மாதம் வருவார்கள்.

இதற்கிடையே ஒரு கூத்து. கல்லூரி டீச்சர் ஒருத்தி வந்திருக்கிறாள். கழுத்தில் பைனாகுலர், காலில் முட்டி வரை பூட்ஸ். விடியும்போது என் தோட்டத்தில் கொஞ்ச நேரம், உன் காட்டில் கொஞ்ச நேரம் நின்று, கண்ட பறவையையும் குரல் கேட்ட பறவையையும் எழுதிக்கொள்கிறாள். தோட்டத்துக்கும், வெட்டியபின் தானாக வளர்ந்த காட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறாளாம். டீ கொடுத்து, "என் பக்கம் எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"காக்கா, மைனா, எப்பவாவது ஒரு மரங்கொத்தி. உங்க தங்கச்சி பக்கம் போனா எழுதி எழுதிக் கை வலிக்குதுக்கா."

அப்பா வெட்டாமல் விட்ட அந்தப் பெரிய மரம் இருக்கிறதே, அதன் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைத்திருக்கிறதாம். பெண் முட்டையோடு உள்ளேயே அடைந்து கிடக்குமாம், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டுமாம். அதற்கும் உன் இடம்தான் கிடைத்தது!

ஒரு புல் முளைக்கவிடாமல், வரிசை பிசகாமல் மரம் வளர்த்தவள் நான். நீ திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வயிறு எரிகிறதடி, சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நர்சுகள் அறையில் சத்தமாகப் படித்தேன். ஒருத்தியும் சிரிப்பை அடக்கவில்லை. என் இடத்தில் இருவாச்சி! வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். டாக்டர்கூட நின்று கேட்டார்.

அக்கா, வெட்ட வேண்டாம். அந்தக் கையெழுத்தைக் கிழித்துப் போட்டுவிடு. வீடு உன்னுடையது. அம்மா கடைசி வரை உன்னோடுதான் இருந்தாள். தெருவில் யாரைக் கேட்டாலும் உன் ஆள். உன் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கும் வயிறு எரிந்ததுதான், சொன்னதில்லை. இப்போதுதான் அங்கே எனக்கென்று ஒன்று இருக்கிறது. மார்ச் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். டீச்சரோடு நானும் விடியும்போது போய் நிற்க வேண்டும்.

உன்,
வாலு

பிப்ரவரி 19

வாலுவுக்கு,

டீச்சர் உனக்குத் தனியாக வேறு கடிதம் போட்டாளாமே. டீ கொடுப்பது நான், கடிதம் உனக்கு. அத்தானும் "உன் தங்கச்சிக்கு யோகம்தான்டி" என்கிறார். சின்ன வயதிலும் இப்படித்தான். வந்தவர்களுக்குத் தட்டு கழுவுவது நான், அவர்கள் மடியில் உட்காருவது நீ.

நானும் சும்மா இருக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே சட்டியில் தண்ணீர் வைத்தேன், அரிசி போட்டேன், பழம் நறுக்கி வைத்தேன். காக்கா வந்தது, பின்னாலேயே எலி வந்தது. டீச்சரைக் கேட்டால், "களை எடுக்காம விடுங்கக்கா. அடியில புதர், நடுவுல வேற மரம்னு இருந்தா கொஞ்சம் வரும்" என்கிறாள். புதர் வளர்ந்தால் பாம்புக்குப் பயந்து ரப்பர் பால் வெட்ட ஒருத்தரும் வரமாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். பக்கத்திலேயே உன் காடு இருக்கும்போது பறவைகள் என் மரத்துக்கு ஏன் வரும்? போக்கிடம் இல்லையென்றால் வந்துதானே ஆக வேண்டும்! கையெழுத்தை நான் கிழிக்கவில்லை. திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

ஃபோனை ஏன் எடுக்கமாட்டேன் என்கிறாய்? நிலத்தை உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். வெட்டாமல் மட்டும் இரு. உன் காலில் விழுகிறேன்.

வாலு

மார்ச் 14

என் செல்ல வாலுவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் பெரிய மரமும் விழுந்துவிட்டது.

மரம் விழுந்த அன்று சாயங்காலம் என் தோட்டம் நிறையப் பறவைகள். பச்சை, மஞ்சள், பேர் தெரியாதவை எல்லாம் என் மரங்களில். சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப் போய் டீச்சரைக் கூட்டிவந்தேன். "இப்ப எழுதும்மா, என் பக்கத்தை எழுது" என்றேன். அவள் நோட்டைத் திறக்கவே இல்லை.

"இதுங்க குடி வரலக்கா. வீடு பறிபோய் நிக்குதுங்க."

தலைக்கு மேல் ஆண் இருவாச்சி, அலகில் பழத்தோடு உட்கார்ந்திருந்தது. இருட்டும்வரை அதைக் கீழே போடவில்லை. மறுநாள் விடிந்தபோது ஒன்றுகூட இல்லை. டீச்சரும் ஊருக்குப் போய்விட்டாள்.

உனக்கென்று இருந்த ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லையடி. இப்போது வெளியே வந்து நின்றால் உன் பக்கம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. பார்க்க முடியவில்லை. லீவு கிடைத்திருக்குமே, வா. வந்து திட்டவாவது செய்.

உன்,
அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

லீவை ரத்து செய்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கை