கேமராவின் மேல் கிடந்த துவர்த்து

உன் கைபேசியிலிருந்து, நீ இல்லை என்பதைச் சொல்லாமல், "வாங்க" என்று மட்டும் நான் ஏன் பதில் எழுதினேன்? வியாழக்கிழமையிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் காட்டாத எதையும் நம்பாதவள் என்று என்னைக் கேலி செய்வாயே, அவள்தான் காரணமே இல்லாமல் இதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று சனிக்கிழமை, மதியம். புசா ரோட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருக்கும் உன் அறையிலிருந்து எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் காலி செய்து தரவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முழங்கால் வலியோடு திருநெல்வேலியிலிருந்து வரமுடியாது என்று உன் அக்கா பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறாள். அறைச் சாவியும் உன் கைபேசியும் என்னிடம்தான். படம் எடுத்துக்கொள்ள யாராவது கூப்பிட்டால் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே என்று எட்டு மாதமாக அதைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கூப்பிட்ட எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறேன். வியாழக்கிழமை செய்தி அனுப்பிய இவளிடம் மட்டும் சொல்லவில்லை.

மேசைமேல் உன் கேமரா, அதன்மேல் அந்த மஞ்சள்கரை ஈரிழைத் துவர்த்து. நீ வைத்தபடியே இருக்கிறது. பெட்டியில் போடலாம் என்று கையில் எடுத்தேன். சுக்குக் காப்பி வாசனை வந்தது. உனக்குத் துணியில் கை துடைக்கிற பழக்கம் கடைசிவரை போகவில்லை. மடித்து, இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டேன். இன்றைக்குச் செய்த வேலை இவ்வளவுதான்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். எங்கள் வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், உங்கள் வீட்டில் நெல்லைத் தமிழ். பள்ளியில் நீ "துவர்த்து" என்று சொல்லப்போக, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "துண்டுன்னு சொல்லேண்டி" என்றேன். "எங்க வீட்ல அது துவர்த்துதான். நீ வேணும்னா உங்க வீட்ல துண்டால துடச்சிக்கோ" என்றாய். நாற்பது வருஷம் தில்லியில் இருந்து ஹிந்தியும் பஞ்சாபியும் பேசியும் அந்த ஒரு சொல்லை நீ விடவில்லை.

வங்கி வேலையை விட்டுப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன படம் என்று தெரிந்ததும் சங்கடமாகவும் இருந்தது. ஒரு வகை, சொந்தமாகத் தொழில் தொடங்கும் பெண்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது. இன்னொன்றை பூட்வார் என்றாய். பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே பார்ப்பதற்காக, மூடிய அறையில், விருப்பப்பட்ட அளவு உடையில் எடுத்துக்கொள்ளும் படம்.

"இதைத் தமிழ்ல எப்படிடி எங்கம்மாகிட்ட சொல்றது?" என்றேன்.

"படுக்கையறைப் படம்னு சொல்லிராத. அப்புறம் உங்கம்மா என்னைய வாசப்படி ஏறவிட மாட்டா" என்று சிரித்தாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு ஊருக்கான படம். இன்னொண்ணு தனக்கான படம். அவ்வளவுதானட்டி" என்றாய்.

பிறகு நாம் அப்படித்தான் சொல்லிவந்தோம்.

உன் முறை எனக்கு விநோதமாக இருந்தது. முதல் நாள் படமே கிடையாது. வருகிறவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, சுக்குக் காப்பி கொடுத்து, பேச்சுக் கொடுப்பாய். பேச்சு வராவிட்டால் பேசாமல் இருப்பாய். ஜன்னலில் உன் அம்மாவின் வெளுத்த சுங்குடிச் சேலை. அதன் வழியாக வரும் வெயில்தான் விளக்கு. கேமரா எதிரிலேயே துவர்த்துக்கு அடியில் கிடக்கும். அந்தத் துவர்த்தை நீ எடுக்கமாட்டாய். வந்தவள்தான், தனக்குத் தோன்றும்போது, தன் கையால் எடுக்கவேண்டும். சிலர் இரண்டாம் நாள் எடுப்பார்கள். சிலருக்கு நாலாம் முறை ஆகும். படம் எடுத்து முடித்ததும் கேமராவை அவள் கையில் கொடுத்து, "வேண்டாததை எல்லாம் நீங்களே அழிச்சிருங்க" என்பாய். மிச்சம் இருப்பதுதான் அவளுடைய படம். உன்னிடம் பிரதி இருக்காது.

நானே மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கருத்தரங்கு மலருக்கு என் படம் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் படம் இரண்டு நிமிஷத்தில் எடுக்கிறானே, உனக்கு ஏன் மூன்று வாரம் என்று எரிச்சல்பட்டேன். "அவன் உன் காதை எடுக்கான். எனக்கு நீ வேணும்" என்றாய். மூன்றாம் ஞாயிறு, கீழே தெருவில் காய்க்காரரும் உன் வீட்டுக்காரரும் ஒரு முள்ளங்கிக்காகப் போட்ட சண்டையைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். எப்போது துவர்த்தை எடுத்தேன் என்றே நினைவில்லை. மலரில் அந்தப் படத்தைப் பார்த்த அம்மா, "இவ்வளவு நன்னா சிரிப்பியாடி நீ? ஆத்துல ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றாள். உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அப்படி அனுபவித்தவள்தான் அடுத்த குளிர்காலத்தில் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் புள்ளியியல் படித்தவள். லோதி ரோடு அலுவலகத்தில் நாள் முழுக்க அட்டவணைகளோடு இருப்பவள். நீ ஒரே பெண்ணுக்கு நாலு நாள் செலவழிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இணையத்தில் ஒரு படிவம் செய்து கொடுத்தேன். பதினொன்று முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் ஒன்று என்று ஒருமணி நேரக் கட்டங்கள். ஊருக்கான படத்துக்கு ஒரு டிக், தனக்கான படத்துக்கு ஒரு டிக். நீ வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ரயில் டிக்கெட் மாதிரி" என்றாய். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தேன். வெளியே மொட்டைமாடி வெயிலில் பாய் விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நொய்டாவில் பிசியோதெரபிஸ்ட், தனியாக கிளினிக் வைக்கப்போகிறாள் என்று படிவத்தில் எழுதியிருந்தது. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தாள். கம்பளிக் கையுறை போட்டிருந்தாள். ஜனவரியில் தில்லியில் யார்தான் போடவில்லை?

"மேடம், ஸ்லாட் ஒன் அவர்தானே? ஜல்தி ஆரம்பிச்சிடலாமா?" என்று அவள் கேட்டது கதவு வழியாகக் கேட்டது. அடுத்தவள் பன்னிரண்டு மணிக்கு. காப்பி போட நேரமில்லை. துவர்த்தை நீயே எடுத்துவிட்டாய்.

கதவிடுக்கில் பார்த்தேன், அவள் கையுறையைக் கழற்றினாள். இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை வெண்படை. உனக்கு அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. நீ அப்படிப்பட்டவள். உன் மனதில் பட்டது அந்தக் கைகள் நடுங்குவது மட்டும்.

"குளிருதா? கையை ஷாலுக்குள்ள வச்சுக்கோங்க. சீக்கிரம் முடிச்சிரலாம்."

நீ சொன்னது இவ்வளவுதான். கேமரா நாலைந்து முறை சொடுக்கியது. பிறகு அவள் குரல்: "கேமராவைக் குடுங்க மேடம். எல்லாத்தையும் டிலீட் பண்ணணும்." கொடுத்தாய். ஒவ்வொன்றாக அழித்தாள். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது கையுறையை மாட்டிக்கொண்டே நின்று, என்னைப் பார்த்தல்ல, பட்டாணித் தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "பேஷன்ட்ஸ் இந்தக் கையைத் தொட யோசிப்பாங்க ஆன்ட்டி. போட்டோல முன்னாடியே பார்த்துட்டு வரட்டும்னு நினைச்சேன். இவங்களும் மறைக்கத்தான் சொல்றாங்க."

குளிரென்று நினைத்துத்தான் அவள் சொன்னாளம்மா, வேறெதுவும் இல்லை என்று நான் அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். மடியில் பட்டாணி இருந்தது. அவள் படியிறங்கிவிட்டாள்.

அன்று மாலையே படிவத்தை எடுத்துவிடச் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் என்னைக் குறை சொல்லவில்லை. அவளுக்குக் கூப்பிட்டாய், எடுக்கவில்லை. "அடுத்த தடவை நேரக் கணக்கே கிடையாது, முதல்ல காப்பி" என்று செய்தி அனுப்பினாய். பதில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போயிற்று. மருத்துவமனையில் ஒருநாள் நான் ஆரம்பித்தேன்: "அந்தப் பொண்ணு விஷயத்துல தப்பு என்னோடதுடி." நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "நீ படிவம் போட்ட. துவர்த்தை எடுத்தது நாந்தானட்டி." அதோடு நர்ஸின் பின்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். குற்றத்தில்கூட எனக்குப் பங்கு தர உனக்கு மனசில்லை.

வியாழக்கிழமை அவளிடமிருந்து உன் கைபேசிக்குச் செய்தி வந்தது. "மேடம், எல்லா போட்டோவையும் அழிச்ச பொண்ணு நான். இப்போ வரலாமா? சண்டே முழு நாள் ஃப்ரீ. காப்பி இன்னும் உண்டா?"

என் விரல் "வாங்க" என்று எழுதிவிட்டது. நேரம் கேட்டாள். பதினொன்று என்று எழுதினேன். இறந்தவள் பெயரில் ஒரு பெண்ணை மூன்று மாடி ஏறவைக்கிறேன். இப்போதும் எழுதிச் சொல்லிவிடலாம். சொல்லப்போவதில்லை. முகத்துக்கு நேரே சொல்லவேண்டியவை இரண்டு இருக்கின்றன: நீ இல்லை என்பது, அந்த ஒருமணி நேரக் கட்டம் என் வேலை என்பது. இரண்டாவதைக் கேட்கும் முன்பே அவள் மறுபடியும் அப்படியே இறங்கிப் போனால், உன்னைப் பற்றி அவள் நினைத்திருப்பது அப்படியே நிலைத்துவிடும். எனக்கு அதுதான் பயம்.

*

ஞாயிறு. நடந்ததை எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் என்னை உற்றுப் பார்த்து, "பட்டாணி ஆன்ட்டி!" என்றாள். தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "அவ இல்லம்மா. போன மே மாசம் போயிட்டா" என்றேன்.

வாசலிலேயே நின்றாள். "அப்போ அந்த 'வாங்க'?"

"நான் எழுதினது."

"அச்சா" என்றாள். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. படிப்பக்கம் திரும்பினாள். மூன்று வருஷத்துக்கு முன் சொல்லாமல் விட்டதை அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் கை நடுங்கியதைக் குளிரென்று நீ நினைத்தாய், அவ்வளவுதான் என்று. காப்பியோடு தொடங்குவது உன் வழக்கம், அதற்கு இடமில்லாமல் கட்டம் போட்டது நான் என்று.

"நடுங்கினது குளிர்னால இல்லை" என்றாள்.

"தெரியும். காப்பி குடிச்சிருந்தா அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அப்போ காப்பியாவது குடுங்க" என்றாள்.

சுக்கு அதிகமாகிவிட்டது. ஒரு வாய் குடித்து இருமினாள். "மேடம் போடறதும் இப்படித்தானா?" இல்லை என்றேன். இருவரும் சிரித்தோம். கிளினிக் திறந்து இரண்டு வருஷமாகிறதாம். போர்டில் தன் படத்துக்குப் பதிலாக ஒரு முதுகெலும்புப் படம்தான் போட்டிருக்கிறாளாம். "எல்லாரும் எலும்பு டாக்டர்னு நினைச்சு வர்றாங்க." நோயாளிகள் யார் கையைப் பார்த்துத் தயங்கினார்கள், யார் தயங்கவில்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். வெயில் சுங்குடிச் சேலையைத் தாண்டித் தரைக்கு வந்தது.

ஒன்றரை மணி இருக்கும். எழுந்துபோய்த் துவர்த்தை எடுத்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள். கேமராவில் பொத்தானை அமுக்கினாள். எட்டு மாதம் சார்ஜ் இல்லாத பேட்டரி. எனக்கோ அதைத் திறக்கக்கூடத் தெரியாது. "பரவாயில்லை" என்று தன் கைபேசியை நீட்டினாள். "நீங்க எடுங்க."

"எனக்கு வராதும்மா."

"ஜல்தி ஒண்ணும் இல்லையே ஆன்ட்டி."

மறுபடி உட்கார்ந்து, காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கைகள் நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் நடுங்கின. மூன்று படம் எடுத்தேன். கைபேசியை வாங்கி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலாவதை அழித்தாள். இரண்டாவதையும் அழித்தாள். மூன்றாவதில் ஒரு மூலையில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்தாள். அதை அழிக்கவில்லை.

"இது ஊருக்கா, உனக்கா?" என்று கேட்டேன். முதல்முறையாக அவளிடம் ஒருமையில் பேசிவிட்டிருந்தேன். படிவத்தில் ஆங்கிலப் பெயர்கள்தான் போட்டிருந்தேன், நம் சொற்கள் அவளுக்கு எப்படித் தெரியும்? விளக்கிச் சொன்னேன்.

"முதல்ல எனக்கு. போர்டுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அவள் போன பிறகு கேமராவைப் பெட்டியில் வைத்து, உன் அக்கா பெயரை எழுதி ஒட்டினேன். துவர்த்தை அதில் வைக்கவில்லை. என் பையில் இருக்கிறது.