இரண்டாவது தொட்டி

நாள் 112, காலை 06:10, தெற்குக் குடில்

இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, வணக்கம். எழுதுவது பேச்சித்தாய். வயது நாற்பத்தெட்டு, படிப்பு நாலாம் வகுப்பு, வேலை வெல்டிங். இடம் நிலா. இங்கே நான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வடக்குக் குடிலில் ரொசாரியோ, தூத்துக்குடிப் பையன், கம்ப்யூட்டர் இன்ஜினியர். இரண்டு குடிலுக்கும் நடுவில், திரவமாக்கிய காற்று நிரப்பிய தொட்டி ஒன்று. மூடி பற்றவைத்தது நான்தான்.

நேற்றைய சூரியப் புயலில் தொட்டியின் அளவுமானி கருகிவிட்டது. காற்றுக் கணக்கு வைக்கும் மிஷினுக்கும் புத்தி பேதலித்துப்போனது. அதன் நினைவு முழுவதையும் ரொசாரியோ ஒரு கோப்பாக மூட்டை கட்டி வைத்து, மிஷினைத் துடைத்து, திரும்ப அவிழ்த்துவிட்டான். இனி யார் எவ்வளவு இழுத்தார்கள் என்பதைக் கழித்துத்தான் மிஷின் இருப்பைச் சொல்லும்.

இரு குடிலும் காட்டும் காலை வாசிப்பு, அலகில்: தெற்கு 48. வடக்கு 48. சுகம்.

நாள் 115, 06:10

தெற்கு 39. வடக்கு 38.

ஒரே தொட்டிக்கு இரண்டு எண். ரேடியோவில் கேட்டேன்: "என்னல, எனக்குத் தெரியாம பெருமூச்சு விடுதியோ? யாரு அந்தப் புள்ள?"

"போங்கக்கா. மிஷின் லேசாப் பிந்துது, அவ்ளோதான்."

நாள் 117, 06:10

தெற்கு 34. வடக்கு 32. அவனுக்கு மூச்சுப் பேராசைக்காரன் என்று பேர் வைத்துவிட்டேன். நாளைக்குக் காற்றுக் கப்பல் வருவதற்குள் அதிகம் இழுத்துத் தோற்கிறவர் மற்றவருக்குத் தன் அல்வா டப்பாவைத் தர வேண்டும் என்று பந்தயம். மூன்று நாளாக இதே சிரிப்பு.

நாள் 118, 11:40

தெற்கு 31. வடக்கு 29.

குழாய் இணைப்பு ஒன்றைப் பார்க்கத் தொட்டிப் பக்கம் போனேன். பழக்கதோஷம், சுத்தியலால் தட்டினேன். சத்தம் கேட்காத ஊர், ஆனால் கையுறையில் அதிர்வு தெரியும். அடியில் ஒரு முழம்தான் கனம். அதற்கு மேலே வெறும் தகடு.

ரொசாரியோவிடம் சொன்னேன். கட்டிவைத்த கோப்பைத் திறந்து பார்த்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, முன்ன ரெண்டு குடில் பட்டியல்லயும் தொட்டி இருக்கற எடம் மட்டுந்தான் இருந்துச்சி. ரெண்டும் ஒரே எடத்தக் காட்டும். மூட்ட கட்டும்போது மிஷின் அங்க போயி தொட்டிய முழுசா எழுதிட்டு. தெற்குக்கு ஒருக்க, வடக்குக்கு ஒருக்க. அவுத்தா ரெண்டு தொட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு இழுத்தத மட்டும் கழிக்குது. இது ஏற்கெனவே எழுதுன அதே தொட்டின்னு அடையாள நம்பர் போட்டுக் கட்டிருக்கணும். நான் போடல."

நான் இழுத்தது பதினேழு. அவன் இழுத்தது பத்தொன்பது. நாற்பத்தெட்டில் மிச்சம் பன்னிரண்டு. எனக்கே கணக்கு வருகிறது.

நாள் 118, 13:05

தலைமை நிலையத்தைக் கூப்பிட்டேன். இன்று வரவேண்டிய கப்பலை வேறு முகாமுக்குத் திருப்பிவிட்டார்களாம்.

"அம்மா, உங்க மிஷின் அறிக்கையில ரெண்டு தொட்டி, மொத்தம் அறுபதுன்னு இருக்கே. பத்து நாளைக்கு வருமே."

"அய்யா, அந்த ரெண்டாவது தொட்டிய எந்தக் கடையில வாங்குனீங்க? சொன்னா நானும் போயி ஒண்ணு வாங்கிக்கிடுவேன்."

ரொசாரியோ குறுக்கே வந்து விளக்கினான். கப்பலை மறுபடி எங்கள் பக்கம் திருப்புகிறார்கள். வந்து சேர நாலு நாள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. இருவருக்கு இரண்டு நாள். ஒருவருக்கு நாலு. இதை இரண்டு பேருமே ரேடியோவில் சொல்லவில்லை. அல்வா யாருக்கு என்றுதான் பேசிக்கொண்டோம். அவன் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

நாள் 119, 06:10

தெற்கு 28. வடக்கு 29.

வடக்கு இறங்கவில்லை. தன் பக்கக் காற்றுக் குழாயை மூடிவிட்டான் பாவி.

நாள் 119, 09:30

நடந்து போனேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. வாசலில் அல்வா டப்பா. உடுப்பு ரேடியோவில் அவன் குரல்:

"திரும்பிப் போங்கக்கா. நடந்தா மூச்சு ரெட்டிப்பா வாங்கும்."

"ஏல, கதவத் தொற. ஆளுக்குப் பாதி."

"பாதி போதாது. நாந்தான கட்டுனேன், நாந்தான தப்பாக் கட்டுனேன். நீங்க போங்க."

கதவைச் சுத்தியலால் அடித்தேன். வெல்டிங் கருவி கொண்டுபோகவில்லை. திரும்ப வந்து எடுத்துப்போகிற அளவுக்கு உடுப்பின் முதுகுப் புட்டியில் காற்று இல்லை. கதவை நான் உடைத்தால் உள்ளே இருக்கும் அவன் காற்றும் போகும்.

நாள் 119, 21:00

என் குடிலுக்குத் திரும்பிவந்து கூப்பிடுகிறேன். பேச்சுக் கொடுக்கிறான். கொஞ்சம்கொஞ்சமாகப் பதில் சுருங்குகிறது. கடைசியாக, "அல்வா தின்னீங்களா?" என்றான். தின்றேன் என்று பொய் சொன்னேன்.

நாள் 120, 06:10

நாலு தடவை கூப்பிட்டேன். ஏல ரொசாரி. பேராசைக்காரா. ஒரு வசவாவது...

மிஷின் வாசிக்கிறது: தெற்கு 24. வடக்கு 29. இரு தொட்டிகளும் சேர்த்து 53. இருவருக்கும் போதுமான அளவு உள்ளது.