பத்து விரலும் அக்கா பெயரில்

நவம்பர் 4, செவ்வாய்

மேலே மழை, இறங்கினால் வெயில். முதல் பஸ்ஸில் சேலம், அங்கிருந்து முகாம். கையில்: அகதி அட்டை, போட்டோ மூன்று, தண்ணீர் பாட்டில், லாட்ஜ் மேனேஜர் கொடுத்த அரை நாள் லீவு. ஏற்காடு மலையை இறங்கி ஏறவே அரை நாள் பத்தாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முகாம் பள்ளிக்கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர், விரல் மிஷின் ஒன்று, கண் மிஷின் ஒன்று. இலங்கையிலிருந்து வந்த எல்லாரும் பத்து விரலும் இரண்டு கண்ணும் கொடுக்க வேண்டுமாம். புது கார்டு வரும். போலீஸ் கேட்டால் அதைத்தான் நீட்ட வேண்டும். பழைய அட்டை செல்லாது.

என் விரல் விழவில்லை. ஏழு தடவை வைத்தேன். கம்ப்யூட்டர் பெண் குனிந்து என் விரலையே பார்த்தாள்.

"ஏனுங்க்கா, என்ன வேலைங்க பாக்கறீங்க? ரேகையே இல்லீங்களே."

"லாட்ஜுல பெட்ஷீட் தொவைக்கறனுங்க. ஞாயித்துக்கெழமைல காப்பிப் பழம் பறிக்கப் போறது."

"ப்ளீச்சிங் பவுடரத் தொடாதீங்க. தேங்காண்ணெ தடவுங்க. அடுத்த புதன் வாங்க. அதுதானுங்க கடைசி."

எட்டு நாள். வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம். பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி. முகாமிலேயே குடியிருக்கும் அம்மாதான் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 5, புதன்

மூட்டம். எதிர்க்கடை தெரியவில்லை. பெட்ஷீட் காயாது.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். என் பெயர் கோமதி. அட்டையில் இருக்கும் தர்ஷினி என் அக்கா.

போட்டில் ஏறும்போது நாங்கள் மூன்று பேர். அம்மா, ஆறு வயது தர்ஷினி, நாலு வயது நான். போட்டுக்காரன் இந்தியா வந்துவிட்டது என்று சொல்லி நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு பகல் தண்ணீர் இல்லை. அக்காவுக்கு வாந்தி, காய்ச்சல். கூட வந்தவர்கள் அவளை அந்த மணலிலேயே புதைத்தார்கள். பிறகு மீனவர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள்.

கரையில் ஒருவர் பிள்ளையின் பேர் கேட்டார். அம்மாவிடம் ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ். பள்ளிக்கூடம் சேர்க்க எடுத்த அக்காவுடையது. எனக்கு இன்னும் எடுக்கவில்லை. அதை நீட்டினாள். ஒரு பெண், ஒரு பிள்ளை, ஒரு காகிதம். கணக்குச் சரி. எழுதிக்கொண்டார்.

அன்று முதல் நான் தர்ஷினி. இரண்டு வயது மூப்பு இலவசம்.

நவம்பர் 7, வெள்ளி

செல்வியக்கா என்னைத் துவைக்க விடவில்லை. பக்கத்துச் செம்மநத்தம் கிராமத்துக்காரி. என்னோடு லாட்ஜில் ஆறு வருஷம். தொட்டிப் பக்கம் போனாலே சத்தம்.

"ஏ தர்ஷினி, கைய எடு சாமி! நா அலசிக்கறன். நீ போயி தலகாணி ஒற மாத்து. மகாராணி வெரலு, பத்தரமா வெச்சுக்க."

சிரித்தேன். மத்தியானம் ஏழாம் நம்பர் ரூமுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம். வராந்தாவில் யாரோ கத்தினார்கள்: "தர்ஷினீ! அங்க போகாத, வழுக்கும்!" உறையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மூட்டத்துக்குள் ஒரு பெண் பிள்ளை. ஆறு வயது இருக்கும். நனைந்த கவுன். அவளும் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவள் அம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரே பேர் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும். தெரியும். இருந்தாலும் சாயங்காலம் வரை அந்த வராந்தாவைக் கூட்டப் போகவில்லை. செல்வியக்காவிடம் முட்டி வலி என்று பொய்.

நவம்பர் 9, ஞாயிறு

காப்பி பறிக்கப் போகவில்லை. எண்ணெய் தடவிய கையோடு ஜன்னலோரம். வலது கட்டைவிரலில் கோடு தெரிகிறது. நேற்று இல்லை. சுட்டுவிரலில் பாதி. தினம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பார்க்கப் பயமாக இருக்கிறது. என் விரல்தானே, ஏன் யாரோ உள்ளே இருந்து மேலே வருகிற மாதிரி இருக்க வேண்டும்?

அக்கா முகம் ஞாபகம் இல்லை. என் கையைப் பிடித்திருந்த கை சுட்டது மட்டும் ஞாபகம்.

காகிதத்தில் பேர் எழுதுவது வேறு. கிழிக்கலாம், திருத்தலாம், கிளார்க் தப்பு என்று சொல்லலாம். விரல் கம்ப்யூட்டருக்குள்ளே போனால் போனதுதான். அப்புறம் கோமதி என்று ஒருத்தி எங்கேயும் இல்லை. தர்ஷினி செத்தாள் என்றும் எங்கேயும் இல்லை. அவளுக்கு ஒரு திவசம்கூட இதுவரை கிடையாது.

அம்மாவுக்கு போன்.

"அம்மா, புதன்கிழமை உண்மையச் சொல்லப் போறேன்."

"சொல்லு. சொல்லிப்போட்டு என்னைப் பொலிசிட்டக் குடு. முப்பத்தஞ்சு வரிசம் பொய் சொன்னவள் எண்டு."

"அக்கா செத்தது எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருக்க வேணாமா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மண் மூடேக்க என்ரை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப் பிடிச்சிட்டினம் பிள்ளை. நான் பாக்கேல்ல. பாக்காத சாவை நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?"

போனை வைத்த பிறகும் காது சுட்டது. இந்த அம்மாவோடு எனக்குச் சண்டைபோடத் தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில், அபூர்வமாக. பெட்ஷீட் எல்லாம் காய்ந்தது.

பத்து விரலிலும் கோடு. வெல்லம் தேய்த்தால் பளிச்சென்று விழும் என்று செல்வியக்கா. எண்ணெய்க்கு மேல் வெல்லமா, பணியாரம் சுடவா என்றேன். "வாயப் பாரு வாய" என்று தலையில் தட்டினாள்.

சொல்வதா, வேண்டாமா. சொன்னால் அம்மா குற்றவாளி, எனக்குக் கார்டு இல்லை. சொல்லாவிட்டால் அக்கா அந்த மணலில் யாருமே இல்லாதவளாகக் கிடப்பாள். இரண்டு பக்கமும் நானே நின்று வாதாடுகிறேன்.

நவம்பர் 12, புதன்

முகாம். அம்மாவும் பக்கத்தில் உட்கார வேண்டுமாம், குடும்ப விவரத்துக்கு. அதே கம்ப்யூட்டர் பெண். என் விரலைப் பார்த்து, "அட, சூப்பருங்க்கா" என்றாள்.

வைத்தேன். இடது நாலு, வலது நாலு, கட்டை இரண்டு. ஒரே தடவையில் பச்சை. திரையில் என் ரேகை பெரிதாக, பக்கத்தில் தர்ஷினி என்று. வாயைத் திறந்தேன், சொல்லிவிடலாம் என்று. அதற்குள் அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?"

எப்போதும் அம்மாதான் பதில். எப்போதும் ஒரே பதில்: இல்லை. இன்று அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "பழைய பதிவுல ஒண்ணுதானுங்க இருக்குது. இன்னொருத்தங்க எங்கீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். தப்பிக்கச் சொல்கிற பார்வை இல்லை. கேட்கிற பார்வை.

"எறந்துட்டாங்க," என்றேன். "வர்ற வழியில. மணல் திட்டுல. அங்கயே பொதச்சாங்க."

"அய்யோ. பேருங்க?"

அங்கே அக்கா பேரைச் சொல்ல முடியாது. அது என் விரல்மேல் இருக்கிறது.

"கோமதி."

"வயசு?"

"நாலு."

தட்டினாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முகாமில் யாரும் பார்த்திராத அழுகை. தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பெண் பிரிண்ட் எடுத்து நீட்டினாள். "எல்லாம் செரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க்கா."

பார்த்தேன். தங்கை, கோமதி, வயது நான்கு, இறப்பு.

தர்ஷினி என்று கையெழுத்துப் போட்டேன்.