தொகுராவின் முப்பத்துமூன்றாம் வருஷத் திதி

பெப்பு
15 நவம்பர் 1975

அன்புள்ள சிஹாரு,

ஒரு பெண் தன் அண்ணனுக்கு இத்தனை வருஷமாகத் தவறான நாளில் திதி கொடுத்து வருகிறாள், அது தவறு என்று தெரிந்த ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கும் அது தெரியும், அவளிடம் சொல்வதா வேண்டாமா? ஒரு வாரமாக யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை, முறை தவறியதைப் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறையவில்லை, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அவர் ஊறுகாயைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி வைத்துக்கொள்வதோடு சரி. பின்கட்டுக் கூரையில் ஒழுக்கு. கொல்லையில் சீமைப்பனிச்சை இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, பறிக்க ஆளில்லாமல் காக்கைகள் தின்கின்றன. சாவோ பாவ்லோவில் இப்போது வெயில் ஏறும் காலம் என்று எழுதியிருந்தாய், உன் இருமல் நின்றதா என்று மட்டும் எழுதவில்லை. அந்த ஊர் பாஷை வகுப்பை நிறுத்திவிடாதே, மாப்பிள்ளையின் வாயை நம்பி ஒரு ஊரில் வாழ முடியாது.

மாப்பிள்ளையின் நண்பர் யாரோ, அப்பா அந்தப் புகழ்பெற்ற போர்விமானப் பிரிவில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு, எத்தனை அமெரிக்க விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார் என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஒன்றையும் வீழ்த்தவில்லை. அப்பா விமானம் ஓட்டியவரே இல்லை. யுத்தத்தின்போது தென்கடல் தீவில், ரபவுலில், அந்தப் பிரிவின் எழுத்து வேலை பார்த்த அதிகாரி அவர். விமானிகள் திரும்பி வந்து சொல்வதையும், அவர்களுக்கு மேலே இருந்த ஹொரியே சொல்வதையும் அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார். பிரிவின் புகழ் என்று இன்று பேசுவதெல்லாம் அப்பாவின் கையெழுத்துதான். கல்யாணமான புதிதில், பல்கலைக்கழகத்தில் படித்த சரித்திரம் மறக்காத காலத்தில், அமெரிக்கர்கள் அச்சிட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் வந்த எதிரி விமானங்களைவிட அன்று வீழ்த்தப்பட்டவை அதிகமாக இருந்தன. அப்பாவிடம் கேட்டேன். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை, எண்ணிப் பார்ப்பது இல்லை என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, நீ வளர்ந்த வீடு அப்படித்தான் அமைதியாக இருந்தது.

இப்போது பிழைத்தவர்களின் சங்கம் பிரிவின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது, இங்கே ஒரு கோயில் வளாகத்தில் நினைவுக்கல்லும் நட்டிருக்கிறது. நாளை இரண்டுக்கும் விழா. நவம்பர் பதினாறைத் தேர்ந்தெடுத்தது ஹொரியே, அவர்தான் சங்கத்தின் தலைவர், ஓயித்தாவில் காகித வியாபாரம். அந்த நாள் தொகுரா என்ற விமானி செத்த நாள். தீப்பிடித்த விமானத்தோடு எதிரியின் மேல் பாய்ந்து செத்தார் என்று அறிக்கை போய், அது சக்கரவர்த்தியின் செவி வரைக்கும் எட்டி, இரண்டு படி பதவி உயர்வு கொடுத்தார்கள். பிரிவின் பெருமைக்கு அவர்தான் கொடிக்கம்பம். அவருடைய தங்கை குனியே, கடலுக்கு அக்கரையில் யவத்தஹாமாவுக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வருஷாவருஷம் நமக்குக் கூடை அனுப்புவாளே, நான் பள்ளிக்கூடத்து வேலையை விட்ட பிறகும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவாளே, அவள்தான். நாளை அவளுடைய அண்ணனுக்கு முப்பத்துமூன்றாம் வருஷத் திதி. அதோடு திதி முடிந்தது, அதன்பின் செத்தவர் தனி ஆள் இல்லை, முன்னோரில் ஒருவராகக் கலந்துவிடுவார், உனக்கே தெரியும். தனக்குப் பின் அவருக்குச் சோறு வைக்க ஆளில்லை, இதை ஒழுங்காக முடித்துவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று போன வருஷம் என்னிடம் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

போன ஞாயிறு புத்தகம் அச்சாகி வந்ததைப் பார்க்க ஹொரியேயும் உசாமியும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உசாமி அந்தப் பிரிவில் விமானம் ஓட்டியவர், இப்போது டாக்ஸி கம்பெனி வைத்திருக்கிறார், குடித்தால் நிறுத்தத் தெரியாது. விழாவில் தொகுராவின் மரணத்தைப் பற்றிய பக்கத்தை அப்பா வாசிக்க வேண்டும், எழுதிய கை வாசிப்பதுதான் பொருத்தம் என்று ஹொரியே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மீனை வைத்துவிட்டுத் திரும்பும்போது உசாமி கேட்டார்:

“எந்தத் தொகுராவப் பத்தி வாசிக்கப் போற? மொத தடவ செத்தவனா, ரெண்டாந்தடவ செத்தவனா?”

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அது போதவில்லை, என் பக்கம் திரும்பினார். “செத்தவனுக்கு என்னா பசிங்கறீங்க அண்ணி. என் சோத்துல பாதி அவன்தான் தின்னான். உசுரோட இருந்தப்ப எங்களுக்குக் கீழ, செத்ததும் ரெண்டு படி மேல போயிட்டான். எதுக்க வந்தா சல்யூட் அடிக்கிறதா, ஊதுவத்தி கொளுத்துறதான்னு தெரியாம முழிப்போம்.” குடித்தால் உனக்கு வாய் நிற்காது என்று ஹொரியே அதட்டினார். 

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அப்பாவைக் கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னார், முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார். தொகுராவின் விமானம் புகையோடு மேகத்துக்குள் இறங்கியதைத்தான் கூடப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் “திரும்பவில்லை” என்று எழுத வேண்டும். எதிரி மேல் பாய்ந்தார் என்று எழுதச் சொன்னது ஹொரியே, அந்த மாதம் பிரிவுக்கு ஒரு நல்ல சாவு தேவைப்பட்டது. அறிக்கை போய், பதவி உயர்வு வந்து, அவருடைய சாமான்களைக் கட்டி ஊருக்கு அனுப்பி, பலகையில் தொங்கிய பெயர்ச் சில்லைக் கழற்றி எரித்த பிறகு, ஒரு நாள் தீவுக்காரர்களின் படகில் தொகுரா வந்து இறங்கினார். காய்ச்சல், எலும்பும் தோலும், மற்றபடி முழு ஆள். சவரம் செய்யக்கூடக் கத்தியில்லை, அதுவும் ஊருக்குப் போய்விட்டது, மற்றவர்களிடம் கடன் வாங்கிச் செய்துகொண்டார்.

எழுதினதை மாற்ற முடியாது என்று ஹொரியே சொல்லிவிட்டார். மேலே போன சொல் கீழே வராதாம். ஆகவே ஆளை மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டுக்குக் கடிதம் எழுதக்கூடாது என்றார்கள். காய்ச்சல் விட்டதும் தனியாக, துணை விமானமில்லாமல், எதிரி இருக்கும் பக்கமாகப் பார்த்து அனுப்பினார்கள், திரும்பி வந்தார். மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வந்தார். வரும்போதெல்லாம் ஹொரியேயின் முகத்தைப் பார்க்க முடியாது என்றார் அப்பா. கடைசியில் ஒரு நாள் வரவில்லை. அந்த விமானத்தைத் தரையில் குண்டு விழுந்து நொறுங்கியதாகக் கணக்கு எழுதினார் அப்பா, அவர் அதில் இருந்ததை எழுதவில்லை. ஏற்கெனவே செத்தவனை எப்படி எழுதுவது என்று என்னையே கேட்டார். எதிரியைக் கொன்றதாக எழுதின கணக்கில் எத்தனை பொய் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை சிஹாரு, அவர்கள் எழுதின பொய்யில் ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் உண்மையாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

நாளை காலைக் கப்பலில் குனியே வருகிறாள், துறையில் போய் அழைத்து வரும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னால் அவளுடைய அண்ணன் எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் உயிரோடு பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த ஒரு நாளில் அவள் கடைசிச் சோற்றை வைத்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புவாள், இந்த ஆண்கள் அந்த நிம்மதியின் நிழலில் சாக்கே குடிப்பார்கள். அப்பாவிடம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். “இத்தன வருஷம் சொல்லாம இருந்துட்டு இனிமே சொன்னா, யாருக்கு என்ன ஆகப் போகுது?” என்றார். நீ அவருக்கு இதைப் பற்றி எழுதாதே, எனக்கு எழுது. அங்கே குளிர் வரும் காலத்துக்குக் கனமான கம்பளிச் சட்டையும் உலர்ந்த கடற்பாசியும் கப்பல் பார்சலில் போட்டிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் மறக்காமல் ஒரு வரி போடு. இருமலுக்கு டாக்டரைப் பார். நீயும் மாப்பிள்ளையும் ஒருவரிடம் ஒருவர் மறைக்க ஒன்றுமில்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஆசி சொல்ல எனக்கு இன்று வரவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
தொமோயே

16 நவம்பர், மாலை

தபாலில் போடாமல் வைத்திருந்தேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

துறைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்காரவைத்துக் குனியேயிடம் சொன்னேன். எல்லாவற்றையும், சுருக்கமாக. அவள் அழவில்லை, யார்மேலும் கோபப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அண்ணன் போன நாள் எது டீச்சர்?” எனக்குத் தெரியாது, அங்கே இருந்தவர்களைக் கேட்போம் என்றேன். கேட்டால் கிடைத்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

கோயிலில் சாமியார் மணியை எடுக்கப் போகும் நேரத்தில் அவள் எழுந்து, எல்லாருக்கும் குனிந்து வணங்கி, அதே கேள்வியை மரியாதையாகக் கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஹொரியே, வயதாகிவிட்டது, அந்தக் காலத்து நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று ஆரம்பித்து, தொகுராவின் வீரம் நாள்கணக்கில் அடங்காது என்று முடித்தார். உசாமி குடிக்காமல் இருந்தார். புதுவருஷத்து அரிசிப் பண்டத்தைத் தொகுராவும் தின்றார், அதற்கு அப்புறம்தான் போனார் என்றார். பின்வரிசையில் ஒருவர், இல்லை, அவர் பங்கை அன்று நான்தான் தின்றேன், அதற்கு முன்பே போய்விட்டார் என்றார். இரண்டு பேரும் அந்தப் பண்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். குனியே அப்பாவின் பக்கம் திரும்பினாள். “எழுதினவர் நீங்கதானே ஐயா, உங்களுக்குத் தெரியுமே.” அப்பா தரையில் நெற்றி படக் குனிந்தார். “நான் எழுதல. எழுதாததால எனக்கும் தெரியல.”

 குனியே சாமியாரிடம், தொடங்குங்கள் என்றாள். திதி நடந்தது. அப்பா அந்தப் பக்கத்தை வாசித்தார், எதிரி மேல் பாய்ந்த இடம் வரைக்கும், ஒரு சொல்லும் மாற்றாமல். அவள் கொண்டுவந்த ஆரஞ்சைக் கல்லுக்கு முன் வைத்துப் படையலாக்கி, பிறகு ஆளுக்கொன்று கொடுத்தார்கள், எல்லாரும் தின்றார்கள்.

மாலைக் கப்பலுக்கு நானே கொண்டுபோய் விட்டேன்.  ஏறுவதற்கு முன் சொன்னாள்.

“இத்தன வருஷம் எனக்கு ஒரு நாளாவது இருந்துச்சு டீச்சர். இன்னியோட முடிச்சிடலாம்னுதான் வந்தேன். இது அவரோட நாளே இல்லன்னா, நான் இனிமே எந்த நாள்ல முடிக்கிறது?”

கேட்டுவிட்டு, துறை வரைக்கும் வந்ததற்கு எனக்கு நன்றி சொல்லி, முறைப்படி இரண்டு முறை குனிந்து வணங்கிக் கப்பலேறினாள்.