பெரியவர் நான்கு

கடவுள் துணை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அன்றாடம் வேண்டிக்கொள்கிறேன். உன் பழைய பாடப் புத்தகங்களை வைத்து எழுதப் பழகியவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை நானும் அப்பாவும் நீ இருக்கும் பட்டணத்துக்கு வந்து போனோம். பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. 'லோக்கல் வண்டியில போயி, பூங்காவைப் பார்த்துட்டு, பொழுது சாயுறதுக்குள்ள வந்துரலாம்' என்று அப்பாதான் கிளப்பினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவராக என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. சாப்பாடு, தண்ணீர் வீட்டிலிருந்தே. பஸ் கிடையாது, நடைதான். டீ ஒன்று, பாதிப் பாதி. எல்லாம் நோட்டில் திட்டம் போட்டுத்தான் புறப்பட்டோம்.

பூங்காவில் கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. 'ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு தையல் கம்பெனி இருக்காமே' என்றார். நீ வேலை பார்க்கும் இடத்தைத்தான் சொல்கிறார்! நீயாகக் கல்யாணம் செய்துகொண்டு போன இந்த இரண்டு வருஷமாக, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனுஷன். 'பார்க்க மட்டும்தான். கூப்பிடக் கூடாது, வாயே திறக்கக் கூடாது' என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உங்கள் கம்பெனிக்கு எதிரே அன்று ஒரு லாரி நின்றதே, அதன் மறைவில் நின்றோம். சாப்பாட்டு மணி அடித்தது. மாப்பிள்ளை பெயிண்ட் அடிக்கும் வேலையிலிருந்து சைக்கிளில் வந்தார். இருவரும் படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டீர்கள். அவர் உன் பக்கத்திலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கித் தன் பக்கம் போட்டுக்கொண்டார். என்னவென்று எனக்குத் தெரியவில்லை; என் கண்ணாடி அப்படி. 'வெங்காயம்' என்றார் அப்பா. இருபது வருஷம் உன் தட்டிலிருந்து பொறுக்கியவருக்குத் தெரியாதா?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு, 'நீ இங்கயே நில்லு, டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன்' என்று ஸ்டேஷனுக்கு ஓடினார். முட்டிவலிக்காரர் ஓடினார் என்றால் நம்புவாயா? அங்கே வரிசை நீளம் போலிருக்கிறது. திரும்பி வருவதற்குள் நீ உள்ளே போய்விட்டாய், மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார். மூடிய கேட்டைப் பார்த்தபடி மூச்சிரைக்க நின்றார். உங்களைக் கூப்பிட முடியாதபடி சத்தியம் செய்த வாய்க்காக நான் கடவுளோடு சண்டை பிடித்தேன்.

வண்டியில் ஒரே ஒரு பேச்சு: 'அந்தப் பெயிண்டர் சட்டையெல்லாம் கறை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சாப் போயிடும். யாராச்சும் சொல்லணும்.'

வீட்டுக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தால், உதைத்தது. அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியவர் 4 என்று அச்சாகியிருந்தது. கேட்டதற்கு, 'கவுன்ட்டர்ல தப்பா அடிச்சுட்டாங்க' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதிச் சில்லறையை மூன்று தடவை எண்ணுகிறவர்!

அந்த டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். அன்றோடு அது செல்லாது, இருந்தாலும் பத்திரப்படுத்து. வருகிற ஞாயிறு காலை வண்டிக்கு இரண்டு பேரும் வாருங்கள், கண்ணு. நான் எழுதித்தான் வந்தீர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். வெங்காயம் போட்டுத்தான் சமைப்பேன். பொறுக்கி எடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து,
அம்மா